குறைந்து வந்த கரண்ட் பில்

உள்ளறையிலிருந்து ‘பீப்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

அவள் சாவியை இன்னும் பூட்டிலிருந்து உருவக்கூட இல்லை. “வந்துட்டேங்க” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு இருமல் வந்தது. அதன் பின்னாலேயே ‘உர்ர்ர்’ என்று மெஷின் ஓடுகிற சத்தம்.

“இந்த மெஷினுக்கு என்மேல என்ன பாசமோ! நான் கதவத் தொறந்தா போதும், ஒரு குரல் குடுக்குது.”

“நாய் வளத்தா வாலாட்டும்.” உள்ளே அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். “இது… பீப்புங்குது.”

அவள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். அந்தச் சிரிப்பை இன்னும் அரை மணி நேரத்தில் நினைத்து நினைத்து அழப்போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்று பேர். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கிய பேண்ட்டுகளின் காலைக் குட்டையாக்கித் தருவாள். மாலையில் வீட்டில் ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள். தனக்கென்று ஒரு நல்ல ரவிக்கை தைத்துக்கொள்ள மட்டும் அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

அவள் கணவர் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர். அடித்தவர் என்று சொல்ல வேண்டும். அவர் கை பட்ட கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள் ஒர்க்‌ஷாப்பில். கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு பெரிய காருக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட்டை டப்பாவில் கொண்டுவந்து, அவளுடைய பழைய தையல் மெஷினுக்கு மூன்று கோட் அடித்துக் கொடுத்தார். “ரோட்டுல ஓடற வண்டிதான் பளபளன்னு இருக்கணுமா? என் பொண்டாட்டி ஓட்டற வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். இன்றைக்கும் விளக்கைப் போட்டால் அந்த நீலம் மினுங்கும். அவருடைய நுரையீரல்தான் மங்கிப்போய்விட்டது. முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் பெயிண்ட்டை உள்ளே இழுத்தவர்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு அறக்கட்டளை அந்த ஆக்ஸிஜன் மெஷினை இரவலாகக் கொடுத்தது. முழங்கால் உயரத்தில், சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். குளிக்கிற நேரம் தவிர மீதி நேரமெல்லாம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் வந்த அன்று ராத்திரிதான் பல மாதங்களுக்குப் பிறகு அவர் படுத்துத் தூங்கினார். அதுவரைக்கும் உட்கார்ந்தபடியேதான் தூக்கம்.

அப்புறம் அந்த கரண்ட் பில் வந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கிவந்து, ஏதோ செத்த எலியைப் பிடித்திருப்பது போல அதை நுனிவிரலில் நீட்டினாள்.

“ஏம்மா, உள்ள சினிமா தியேட்டர் ஏதும் நடத்தறியா? சொன்னா நானும் வந்து படம் பாப்பேன்ல?”

வழக்கமாக வருவதைப்போல் மூன்று மடங்கு. டெய்லரக்காவுக்கு வீடே சுற்றியது. மருந்துக்கு எடுத்து வைத்திருந்ததை அப்படியே கட்டினாள். கட்டிவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வீட்டில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக முறைத்தாள். எது திருடன்?

ஃப்ரிட்ஜ்மேல்தான் முதல் சந்தேகம். அடுத்தது இஸ்திரிப் பெட்டி. அதற்கும் அடுத்தது தையல் மெஷினில் மாட்டியிருந்த மோட்டார். சூடாகிற சாமானும், தடதடவென்று கத்துகிற சாமானும்தான் கரண்ட் குடிக்கும் என்பது அவள் கணக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் சாதுவாக முனகிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிமேல் அவள் பார்வை போகவே இல்லை. மூச்சுக் கொடுக்கிற தெய்வம் அது. அதைப் போய் யார் திருடன் என்பார்கள்?

ஆனால் அவருக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் காற்றை அடைக்கிற கம்ப்ரஸர் பக்கத்திலேயே வாழ்ந்தவர். காற்றை அமுக்குகிற எந்தப் பெட்டியும் கரண்ட்டைத் தின்று தீர்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெஷின் வந்த முதல் நாளே, அந்த முனகலைக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

“ஃப்ரிட்ஜாதாங்க இருக்கும்” என்றாள் அவள்.

“ஆமா ஆமா, ஃப்ரிட்ஜேதான்” என்றார் அவர்.

ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினாள். உள்ளே நூல்கண்டுகளையும் பட்டன் டப்பாக்களையும் அடுக்கினாள். துணிகளைப் படுக்கைக்கு அடியில் மடித்து வைத்து மடிப்பு எடுத்தாள். நீல மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, முழங்கால் வலிக்க வலிக்கப் பெடலை மிதித்தாள்.

போன வாரம் அடுத்த பில் வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம்! சின்னப்பெண் மாதிரி காகிதத்தை ஆட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். “பாத்தீங்களா உங்க பொண்டாட்டி சாமர்த்தியத்த? மின்சார ஆபீஸ்ல எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க!”

அவர் பில்லை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “கெட்டிக்காரிதான்” என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. இருமியதால் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவருடைய வீங்கிய பாதங்களை மடியில் எடுத்துவைத்துத் தைலம் தடவிவிட்டாள். ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று அதையும் நினைத்துக்கொண்டாள்.

இன்று மெஷினைச் சோதிக்க அறக்கட்டளையிலிருந்து ஆள் வருவதாகப் போன் வந்ததால்தான், மதியமே அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மெஷின்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கருவிப்பை, கையில் அட்டையில் செருகிய படிவம். “எப்படிண்ணே இருக்கீங்க?” என்று கேட்டபடி மெஷினை ஒரு நொடி நிறுத்திவிட்டு, தூசி வடிகட்டியை உருவி உதறி, திரும்ப மாட்டி சுவிட்சைத் தட்டினார்.

‘பீப்.’

“அக்காவப் பாத்து சலாம் போடுதுங்க” என்றாள் அவள். “நான் வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் இப்படித்தான்.”

மெஷின்காரர் கை அப்படியே நின்றது. “வரும்போதெல்லாமா?”

“ஆமா. ஏன்?”

அவர் குனிந்து மெஷினின் முதுகுப்பக்கம் பார்த்தார். கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டுவதுபோல அதிலும் ஒரு சின்ன எண் உண்டு. இதற்கு முன் இருந்த வீடுகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். நாலாயிரத்து ஐம்பது. படிவத்தைப் புரட்டினார். சரியாக அறுபது நாளைக்கு முன் சோதித்தபோது மூவாயிரத்து இருநூற்றுப் பத்து.

“அக்கா, இது எண்ணூத்தி நாப்பது மணி நேரம்தான் ஓடியிருக்கு. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம்தான் வருது.” தயங்கினார். “பீப் சத்தம் ஆன் பண்ணும்போது மட்டும்தான்கா வரும்.”



டேப்பைப் பிடித்தே வாழ்ந்தவளுக்கு இந்த அளவு புரிய ஒரு நொடி போதும். ஒன்பதிலிருந்து ஆறு வரை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போன நேரம் முழுவதும். பூட்டில் சாவி சத்தம் கேட்டதும் சுவிட்சைத் தட்டியிருக்கிறார், நாள் தவறாமல்!

“என்னங்க…” என்றாள். “அப்ப அந்த பில்லு?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“என் சாமர்த்தியம், என் சாமர்த்தியம்னு குதிச்சேனே! உங்க மூச்ச எண்ணிக் கொறைச்சதுக்கா குதிச்சேன்? ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உங்களுக்கு?”

“நீ அவ்ளோ சந்தோஷமா… இருந்தியே” என்றார் அவர். “எத்தன வருஷமாச்சு… உன்ன அப்படிப் பாத்து.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மெஷின்காரர் கட்டிலில் இருந்தவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கிற ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். போர்வையை விலக்கிப் பாதத்தை ஒரு விரலால் அமுக்கினார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. “இது படுத்துக் கெடந்து வந்த வீக்கமில்லக்கா. மூச்சு பத்தாம நெஞ்சு ரொம்ப வேலை செஞ்சிருக்கு. இந்த வாரமே டாக்டர்கிட்டக் காட்டுங்க.” பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இன்னொண்ணும் இருக்கு. ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குக் கீழ ஓடினா மெஷின எடுத்துட்டு வரச்சொல்றாங்க. பதினோரு பேர் காத்திருக்காங்க.”

“எடுத்துட்டுப் போங்க” என்றார் அவர். “மத்தவங்களாவது…”

“வாய மூடுங்க நீங்க!” அவள் போட்ட சத்தத்தில் மாடியில் வீட்டுக்காரம்மா நடந்துகொண்டிருந்த காலடியே நின்றுவிட்டது. பிறகு மெஷின்காரர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். “தம்பி, நம்பர மாத்தி எழுதச் சொல்லலை. தப்பு எங்கமேல. இந்த ஒரு தடவை மட்டும்…”

“நம்பர மாத்த மாட்டேன்கா.” அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். “ஆனா கீழ ‘காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு. எட்டு வருஷத்துல நான் அத நிரப்பினதே இல்ல.” பேனாவை அழுத்தி, இரண்டே வார்த்தை எழுதினார்: கரண்ட் பில். “ஒரு மாசம் டயம் கேட்டிருக்கேன். திரும்பி வந்து பாக்கும்போது நம்பர் ஏறியிருக்கணும். இல்லன்னா என் கையில எதுவுமில்ல.”

அவள் கையெழுத்துப் போட்டாள்.

“மூஞ்சியத் திருப்பிட்டா ஆச்சா?” என்று கட்டிலோரம் உட்கார்ந்து, நழுவியிருந்த குழாயை அவர் மூக்கில் சரிசெய்தாள். “உங்க ஒர்க்‌ஷாப் பெயிண்ட்டு மாதிரி மூடி மறைச்சுட்டீங்களே.”

“பில்லுக்கு… என்ன பண்ணுவே?”

“ஃப்ரிட்ஜ வித்துடுவேன்.”

“அதான்… நூல்பொட்டி ஆச்சே.”

“நூலோட சேத்து வித்துடுவேன்.” சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நகக்கண்கள் நீலம் பூத்திருந்தன. எத்தனை நாளாக இப்படி இருக்கின்றன? அந்த நீலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பழைய கறை என்றல்லவா நினைத்திருந்தாள்!

மெஷின்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அவள் வாசல்வரை வந்தாள். இரண்டு மணிக்கு அவள் கடையில் இருக்க வேண்டும். தைக்க வேண்டிய பேண்ட்டுகள் மாடிப்படிக்கு அடியில் குவிந்திருக்கும். சாவி அவள் கையில்தான் இருந்தது.

“கெளம்பலையாக்கா? நானும் கடைப்பக்கம்தான் போறேன்” என்றார் அவர்.

“நீங்க போங்க தம்பி. துணியை இங்க அனுப்பச் சொல்லிப் பாக்கறேன். குடுத்தா தைப்பேன். குடுக்கலைன்னா…”

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். காலடிச் சத்தம் தெருவில் தேய்கிறவரை அவள் நின்றாள். நான்கு மாதமாக அந்தக் கதவை இந்த நேரத்தில் வெளியிலிருந்துதான் பூட்டிப் பழக்கம். இன்று அவள் உள்ளே நின்றபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.