அண்டா இடித்த கார்

என் காரை ஒரு அண்டா வந்து இடித்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இடித்தது உண்மை. கார் அப்போது நின்றுகொண்டிருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை வைத்துக்கொண்டுதான் நான் பத்து நாள் சண்டை போட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். திருத்தணியில் பெண்களுக்கான ஒரு சிறிய வைத்தியசாலையில் நான் டாக்டர். ஊரில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் புடவை கட்டிக்கொண்டு தானே ஓட்டியவள் நான் ஒருத்திதான். சென்னையில் ஒரு வக்கீலிடம் வாங்கிய பழைய சீமைக் கார் அது. எல்லா பாகமும் ஆட்டம் கண்டிருந்தது, ஹாரன் மட்டும் கச்சிதம். ரப்பர் பந்தை அழுத்தினால் எருமை கத்துவது போல ஊதும்.

அன்று காலை ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கஷ்டமான பிரசவம், முந்தின இரவு கண்ணே மூடவில்லை. மலையடிவாரத்துக்கு ஏறும் தெருவில் எனக்கு முன்னால் ஒரு கைவண்டி போனது. அதன்மேல் ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போல ஒரு பெரிய பித்தளை அண்டா. வண்டியை இழுத்தவர் மலைக்கோயிலுக்குத் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்துச் சமையல்காரர். கூட நடந்தவர் அவருடைய மைத்துனர். நான் பின்னால் காரை நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். சமையல்காரர் தூக்கிவாரிப்போட்டு, வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டுத் துள்ளினார். வண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. அண்டா இறங்கி, சாவகாசமாக உருண்டு வந்து, என் காரின் இடது பக்கத்தில் மோதியது. விளக்குக் கண்ணாடி நொறுங்கியது. மட்கார்டு உள்ளே போனது. அண்டாவின் வயிற்றிலும் ஒரு பெரிய ஒடுக்கு.

"என்னாங்க டாக்டரம்மா, காதாண்ட வந்து இப்டியா ஊதுவீங்க? நேத்துதாங்க ஈயம் பூசிகினு வந்தேன்!" என்றார் சமையல்காரர்.

"நின்னுட்டிருந்த கார்மேல உங்க அண்டாதான் மோதிச்சு. ரிப்பேர் செலவு உங்களுது" என்றேன்.

"நீங்க ஊதாட்டி அது ஏங்க உருளப் போவுது?"

கூடிவிட்ட கூட்டத்தில் ஒருவர், அண்டாவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். சிரிப்பை அடக்கியதில் எங்கள் இருவருக்கும் கோபம் இன்னும் கூடிப்போனது.

அரக்கோணத்திலிருந்து ஒரு கார் மிஸ்திரியை வரவழைத்தேன். அவர் மட்கார்டைச் சுற்றிச் சுற்றி வந்து, துக்கம் விசாரிப்பவர் போலத் தலையை ஆட்டி, நாற்பத்தைந்து ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். அதை அழகாக நகல் எடுத்துச் சமையல்காரருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவரே வந்துவிட்டார். நொண்டிக்கொண்டு வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளுக்கு நடுவில் பெஞ்சில் இடம் பிடித்து, தன் முறை வரும்வரை காத்திருந்து, ஒரு தாளை நீட்டினார். அண்டா ஒடுக்கு எடுக்க, பித்தளையில் புளி களிம்பேறாமல் இருக்க மறுபடி ஈயம் பூச, வண்டிக்குப் புது அச்சு, கால் சுளுக்கு, ஹாரனால் வந்த நெஞ்சுப் படபடப்பு. கூட்டிப் பார்த்தேன். சரியாக நாற்பத்தைந்து ரூபாய்.

"அதெப்படி அவ்வளவு சரியா வந்தது?"

"கணக்குன்னா சரியாத்தானேங்க வரணும்."

நாடி பிடித்துப் பார்த்தேன். படபடப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கணுக்கால் நிஜமாகவே வீங்கியிருந்தது. கட்டுப் போட்டு, நாலு நாள் கழித்து வரச் சொன்னேன். அவர் தினமும் வந்தார். நான் கட்டை அவிழ்ப்பேன், அவர் வழக்கை ஆரம்பிப்பார். கட்டி முடிப்பதற்குள் இருவருக்கும் குரல் ஏறிவிடும். பெஞ்சில் இருந்த பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அண்டா கட்சிக்குத்தான் ஆள் அதிகம், ஏனென்றால் அவர் வரும்போதெல்லாம் இலையில் கட்டிய புளியோதரை கொண்டுவந்தார். எனக்கும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டு, "இது கணக்குல சேராதுங்க" என்பார். நானும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சண்டையைத் தொடர்வேன்.

பத்தாம் நாள் மிஸ்திரியின் தாளை மறுபடி வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒடுக்கு எடுக்க மட்டும் இருவது ரூபாயா? எங்க கன்னாரு ஒன்னர ரூபாய்க்கு அண்டாவயே நேராக்கறாரு."

"கார் என்ன பாத்திரமா?"

"தகரந்தானேங்க? ஒடுக்குன்னா எல்லாம் ஒடுக்குதான்."

அதையும் பார்த்துவிடலாம் என்று அவரைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு, பாத்திரம் தட்டும் கன்னார் கடைக்குக் கிளம்பினேன். காரில் உட்காருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது.

"ஊதுங்க டாக்டரம்மா, ஊதுங்க!" என்று கத்தினார்.

நான் ஊதாமல் அவரையே பார்த்தேன். அவர் பார்வையைத் திருப்பி, மலைப்பக்கம் எதையோ தேடுபவர் போல இருந்தார். மாடு தானாகவே போனது.

கடையில் அவருடைய மைத்துனர், ஒடுக்கு எடுக்கக் கொண்டுவந்த அண்டாவோடு, முன்பே காத்திருந்தார். கன்னார் இரண்டு ஒடுக்குகளையும் தடவிப் பார்த்துவிட்டு, "தப்பு யாருதுங்க?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வாய் திறந்தோம். அதற்குள் மைத்துனர் முந்திக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன் பாவா, அண்டாவ துண்டால கட்டுனா நிக்காது, கயிறு போட்டுக் கட்டுன்னு. நீதான் கேக்கல."

சமையல்காரர் அவரை முறைத்த முறைப்பில் அண்டாவில் இன்னொரு ஒடுக்கு விழுந்திருக்கும். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து நாளாக நானும் ஒன்றை விழுங்கி வைத்திருந்தேன்.

"தெருவில வழி இருந்துதுங்க. நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். தூக்கக் கலக்கம், எரிச்சல்ல ஊதிட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "ரெண்டு தபா ஊதினீங்க."

"மூணு தபா" என்றேன்.

அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். கன்னார் கூலியைப் பாதிப் பாதி கொடுப்பது என்று பேச்சு முடிந்தது. விளக்குக் கண்ணாடியைச் சென்னையிலிருந்து வரவழைத்து அந்தச் செலவையும் பாதிப் பாதி. வண்டி அச்சையும் படபடப்பையும் அவரே தள்ளுபடி செய்தார்.

கன்னார் மட்கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரச் சொன்னார். இருவரும் போய்ப் பார்த்தால் ஒடுக்கு இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் கறுப்புப் பெயிண்டும் தெரியவில்லை. மட்கார்டு முழுக்க வெள்ளி போலப் பளபளத்தது.

"என்னங்க இது?"

"ஒடுக்கு எடுத்தா ஈயம் பூசித் தர்றது வழக்கங்க. அதுக்குத் தனியா காசு வேணாம்" என்றார் கன்னார்.

சமையல்காரர் குனிந்து, மட்கார்டை விரலால் சுண்டி, ஓசையைக் கேட்டு, திருப்தியாகத் தலையசைத்தார்.

"நல்ல பூச்சு டாக்டரம்மா. இதுல புளியே கரைக்கலாம், கெடாது" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.