மாவுக்கட்டுக்குள் எரிந்த கை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதக் காலையில் நடந்தது இது. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நான் இறங்கி முடிப்பதற்குள் வண்டியை நகர்த்திவிட்டார்கள். கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் முன்கை பார்க்கவே பயமாக, ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர்தான் ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த எலும்பு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார், அப்போது வடக்கே எங்கோ. டாக்டர் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு எலும்பை நேராக்கினார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கட்டுப் போடும் வேலையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

வெளியே கூட்டம் நெருக்கியது. சீக்கிரம் இறுகட்டும் என்று அந்த உதவியாளர் மாவுக்கட்டுத் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்தார். முதலில் பஞ்சு, அதன்மேல் மாவுத்துணி, அதன்மேல் இன்னொன்று, மறுபடியும் ஒன்று. முழங்கைப் பக்கம் பஞ்சு மெலிதாகவும் கட்டு மொத்தையாகவும் வந்தது.

"எதுக்குத் தம்பி இம்புட்டு கனமா?" என்று கேட்டேன்.

"கனமா இருந்தாத்தான் டீச்சர் ஆடாம நிக்கும்."

பிறகு என்னை ஏசி அறையில் படுக்க வைத்து, கட்டுப் போட்ட கையை ரெக்சின் தலையணை மேல் வைத்தார்கள். குளிருமே என்று நர்ஸ் கம்பளியை இழுத்துக் கைக்கும் சேர்த்தே போர்த்திவிட்டுப் போனார். என்னோடு வந்த டீச்சர் மாத்திரை வாங்கக் கிளம்பினார்.

முதலில் இதமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சூடு ஏறியது. பிறகு முழங்கைக்கு அடியில் எரிய ஆரம்பித்தது. எலும்பு உடைந்த வலி ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. இது தீ.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மாவுக்கட்டின் பொடியில் தண்ணீர் பட்டதும் அது தானாகவே சூட்டை உண்டாக்கும். இறுகி முடிக்கும்வரை அந்தச் சூடு உள்ளேயே பிறந்துகொண்டிருக்கும். கட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு சூடு. காற்றுப் பட்டால் அது வெளியே போய்விடும். ஆனால் என் கைக்கு மேலே கம்பளி, கீழே தலையணை. சூடு போவதற்கு மிச்சமிருந்த ஒரே வழி என் தோல்தான்.

உதவியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வாசலில் நின்றபடியே பதில் சொன்னார்.

"பிளாஸ்டர்னா சூடாத்தான் இருக்கும் டீச்சர். செத்த நேரம் பொறுத்துக்கோங்க."

"சூடு இல்ல தம்பி, எரியுது. அந்தத் தலகாணியையாவது எடுங்க. சூடு வெளிய போக வழியில்லாம இருக்கு."

"ஊசி போட்டிருக்கு, எரிய வாய்ப்பே இல்ல. இங்க வந்தும் பாடம் எடுக்காதீங்க டீச்சர்."

அவர் பின்னால் வந்து நின்ற நர்ஸ் சிரித்தார். இருவரும் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தலை சுற்றியது. மறு கையில் குளுக்கோஸ் ஊசி. கட்டின் கனத்தில் உடைந்த கையை அசைக்கவும் முடியவில்லை. என் கையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தும், ஒரு தலையணையைத் தள்ளிவிட முடியாமல் கிடந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அடுத்த கட்டிலில் கால் ஒடிந்த ஒருவர் படுத்திருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்தார்களாம். அந்த அம்மா எழுந்து வந்தார்.

"எங்கன எரியுது தாயி?"

முழங்கையைக் கண்ணால் காட்டினேன். அவர் கம்பளிக்குள் கையை விட்டுக் கட்டைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"தோசக்கல்லு கணக்கால்ல கொதிக்குது."

அவ்வளவுதான். யாரிடமும் கேட்கவில்லை. கம்பளியை உருவிப் போட்டார். தலையணையை இழுத்துத் தரையில் எறிந்தார். உடைந்த இடம் அசையாமல் என் கையை இரண்டு பக்கமும் தாங்கித் தூக்கினார். பிறகு ஒரு கையால் தாங்கிக்கொண்டே, புருஷனின் எக்ஸ்ரே உறையை எடுத்துச் சளைக்காமல் விசிறினார். எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது.

சத்தம் கேட்டு உதவியாளர் வந்தார். "ஏம்மா, நீங்க பேஷன்ட தொடக் கூடாது."

அந்த அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. "நீ தொட்டுப் பாத்திருந்தா நான் எதுக்குய்யா தொடப் போறேன்?"

டாக்டர் வந்து பார்க்கும்போது கட்டு ஆறிவிட்டது. "இனிமே ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாத்திரை வாங்கி வந்த டீச்சர் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். போகும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

எரிச்சல் முழுக்கப் போகவில்லை. இரண்டு மூன்று நாளில் கட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு டாக்டரிடம் போனேன். முழங்கைப் பக்கம் கட்டைக் கொஞ்சம் வெட்டித் திறந்தார். கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. சூட்டுக் காயம் என்று பார்த்தவுடனே சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் மூடியே வச்சிருந்தா சதை வரைக்கும் போயிருக்கும்மா. யாரோ நல்ல நேரத்துல எடுத்துவிட்டிருக்காங்க" என்றார்.

மறுநாளே ராஜபாளையம் போனேன். அந்த டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "சில பேரு தோலுக்கு இது ஒத்துக்காது. அலர்ஜி" என்றார். என் தோல்தான் குற்றவாளி.

பதினைந்து வருடமாக வகுப்பில் குரல் உயர்த்திப் பழகியவள் நான். அன்று உயர்த்தவில்லை. உதவியாளரையும் கூப்பிடச் சொன்னேன். "சூடு சாதாரணம்னுதானே சொன்னீங்க? அதே சுடுதண்ணி, அதே கனம், அதே தலகாணி, அதே கம்பளி. உங்க ரெண்டு பேர்ல யார் கைலயாவது இப்ப போடுங்க. நான் உக்காந்து பாக்கேன். அலர்ஜின்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல."

உதவியாளர் தரையைப் பார்த்தார். டாக்டர் மேசையிலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் உதவியாளரிடம், "இனிமே பச்சத் தண்ணிதான். காயிற வரைக்கும் எதையும் மூடாத, காத்தாட வையி" என்றார்.

மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் வரவே இல்லை. நானும் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. சுந்தரபாண்டியம் போகும் பஸ்ஸைப் பார்த்தால் ஜன்னலோர முகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அந்த அம்மா இருக்கிறாரா என்று. "நடந்தது நடந்துபோச்சு, இன்னுமா கோவம்?" என்று கணவர்கூடக் கேட்கிறார். ஆமாம், இன்னும்தான். எரிகிறது என்று ஒருத்தி அழுது சொல்லும்போது, அவள் பேச்சைவிடத் தன் வழக்கத்தைப் பெரிதாக நம்பிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானது. அதை மறந்துவிட நான் முயற்சிகூடச் செய்வதில்லை.