ஒரே சந்து, இரண்டு பெயர்ப்பலகை

"வீடு எங்கே இருக்கு?" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில் இந்தியில் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் சரியான பதில் தெரியாது.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மதியம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கணவர் அலுவலகத்தில் இருந்தார். "மூணாம் நம்பர் சந்து" என்று கத்தினேன். புனேயின் ஓரத்தில், கரும்பு வயலை மனை போட்டு விற்ற இடம் எங்களுடையது. ஒருவர் பெரிய சாலைப் பக்கமிருந்து சந்துகளை எண்ணி விற்றார், இன்னொருவர் கால்வாய்ப் பக்கமிருந்து எண்ணினார். அதனால் எங்கள் பகுதியில் மூன்றாம் சந்து இரண்டு. வண்டி சாலைப் பக்கத்து மூன்றுக்குப் போய் நின்றது. "டெய்லர் கடைக்கு எதிரேயா?" என்றார் ஓட்டுநர். எங்கள் சந்தில் டெய்லர் கடையே கிடையாது.

கடைசியில் கீழ்வீட்டுக் காக்குதான் ஸ்கூட்டரை எடுத்தார். இங்கே மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம், சித்தி என்பது போல. குழந்தையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பிழைத்துக்கொண்டாள். "அஞ்சு வயசு வரைக்கும் மறுபடி வரலாம், ஜாக்கிரதை" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை காக்கு வீட்டில் இல்லாவிட்டால்?

"ஏனுங்க, மாநகராட்சில எழுதிக் குடுத்தா வீட்டுக்கு நம்பர் தருவாங்களாமா" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒரு டப்பா பெயின்ட் வாங்கி நாமளே எழுதிக்கலாம் கண்ணு."

"நாம எழுதுனா ஆம்புலன்ஸ்காரனுக்கு எப்படித் தெரியுமாம்?"

நான்தான் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். கோயம்புத்தூரில் நான் வளர்ந்த பகுதியில் ஆறாவது வீதி, ஏழாவது வீதி என்று எண்ணே பெயராக இருக்கும். யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. அந்த நினைப்பில் விண்ணப்பத்தில் "கால்வாய் மூன்றாவது சந்து" என்று எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"மேடம், இது நம்பர், பேர் இல்ல. பேரில்லாத ரோட்டுக்கு வீட்டு நம்பர் எப்படித் தர்றது? பேரில்லாத புள்ளைய ஸ்கூல்ல சேப்பீங்களா?"

"என்ன பேர் வேணாலும் வைங்க சார்."

"நாங்க வைக்கிறதா? சந்துல எல்லாரையும் கேட்டு எழுதிட்டு வாங்க."

கேட்கச் சொன்னார், கேட்டேன். வீடு வீடாகப் போய்ப் பணிவாகக் கேட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேனோ என்னவோ. நிலத்தை விற்ற குடும்பம் தங்கள் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றது. எங்கள் சந்துக்குத் தண்ணீர் வால்வைத் திறப்பது அவர்கள் வீட்டு ஆள். சந்தில் பிள்ளையார் விழா நடத்தும் குழுவான கணபதி மண்டலின் இளைஞர்கள், மண்டலின் பெயர்தான் வேண்டும் என்றார்கள். அந்த மண்டலின் தலைவர் காக்குவின் மகன்.

"அட பைத்தியமே, பேரை யாராவது கேட்பாங்களா? ஒண்ணைச் சொல்லிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கணும்" என்று காக்கு தலையில் அடித்துக்கொண்டார். "இப்போ பாரு, என் மகனும் அந்த வீட்டுக்காரனும் முகம் பார்த்துப் பேசறதில்ல."

போன மாதம் சந்தின் ஒரு முனையில் தாத்தா பெயரில் பலகை வந்தது. அதே வாரத்தில் மறுமுனையில் மண்டல் பெயரில் ஒன்று. இரண்டிலும் சந்தின் பெயரைவிட, பலகை வைத்தவர் கைகூப்பி நிற்கும் படம்தான் பெரிது. அலுவலகம் இரண்டையும் அனுமதிக்கவில்லை, இரண்டையும் அகற்றவுமில்லை. எந்த வீட்டுக்கும் எண் வரவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "தகராறுள்ள ரோடு" என்றார் அதே மனிதர். "ரெண்டுல எது வேணும்னு நீங்க எழுதிக் குடுங்க. விண்ணப்பம் உங்களோடதுதானே? இல்லன்னா ஃபைலை மூடிடுவோம்."

 நான் கேட்டது ஓர் எண். குழந்தைக்கு வலிப்பு வரும்போது போனில் சொல்ல ஓர் எண். வீட்டு வரி நோட்டீஸ் மட்டும் வழி கேட்காமல் சரியாக வந்துவிடுகிறது. வரி கேட்க வரும்போது தெரிகிற வீடு, உயிரைக் காக்க வரும்போது மட்டும் எப்படித் தொலைந்துபோகும்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாத்தா பெயரை எழுதிக் கொடுத்தால், என் குழந்தையைக் காப்பாற்றியவரின் வீட்டுக்கு எதிராக நிற்பேன். மண்டல் பெயரை எழுதினால் குழாயில் தண்ணீர் வருமா தெரியாது. எதுவும் எழுதாவிட்டால் கோப்பு மூடப்படும். மகளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் மாநகராட்சி வேலை தெரிந்தவர்களும், இப்படி ஒரு சந்தில் குடியிருந்தவர்களும் இருப்பீர்கள். பெயர் இல்லாமல் எண் மட்டும் வாங்க வழி உண்டா? இல்லையென்றால், நீங்கள் என் இடத்தில் இருந்தால் எந்தப் பெயரை எழுதிக் கொடுப்பீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.