சங்கத்து வேனுக்கு நல்ல டயர்

கொழும்பு நண்பர் ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். புதிதாக ஜீப் வாங்கியிருக்கிறாராம். லீவுக்குக் குடும்பத்தோடு அப்புத்தளைப் பக்கம் வந்து பனிமூட்டம் பார்க்கப் போகிறாராம். ஹைவேயில் சத்தம் போடாத, தோட்டத்து ரோட்டில் வழுக்காத டயர் எது என்று கேட்டார்.

என்னிடம் ஏன் கேட்கிறார்? வாராவாரம் எதையாவது எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் என் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே இன்னொருவர் பம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஊவா மாகாணத்தில் ஆல் டெரெய்ன் டயரைப் பற்றி என் அளவுக்கு யோசித்த பள்ளிக்கூட வாத்தியார் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் உள்ள தேயிலைத் தோட்டம் பூனாகலைக்கு அப்பால் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் கட்டுவார்கள். யாராவது செத்தால் பெட்டி, கோடித்துணி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். உயிரோடு இருக்கும்வரை ஒருவருக்கு என்ன கிடைத்ததோ இல்லையோ, செத்த பிறகு நாங்கள் ஒரு குறையும் வைக்க மாட்டோம்.

நான் அதன் செயலாளர். தகுதி — கடிதம் எழுத வரும். தலைவர் பெருமாள், ஓய்வுபெற்ற கங்காணி. நேர்மையான மனிதர். விதியில் இல்லாததை அவரிடம் கேட்பதும் பாறையிடம் கேட்பதும் ஒன்று.

முன்பெல்லாம் நோயாளிகளைத் தோட்டத்து லொறி ஏற்றிப்போகும். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு லொறிக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. ஆகவே சங்கம் ஒரு பழைய ஃபோர் வீல் வேன் வாங்கியது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் கொண்டுவரத்தான் வாங்கியது. நோயாளிகளும் அதில்தான் போவார்கள். ஒரே ஒரு வித்தியாசம்... போகும்போது டீசல் அவரவர் செலவு. திரும்பி வரும்போது பிணமாக வந்தால் சங்கத்தின் செலவு.

அந்த வேனின் டயர்கள் என் தலையோடு போட்டி போட்டுக்கொண்டு வழுக்கையாகிக்கொண்டிருந்தன. டிரைவர் செல்வம் கூட்டத்தில் எழுந்து புது டயர் கேட்டான். ஏன் கேட்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவன் மனைவி மல்லிகா உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறப்பது ஐப்பசி மழையில்.

சாவுச் செலவுக்கு மட்டும்தான் சங்கத்துப் பணம், விதி அப்படி என்றார் தலைவர்.

செல்வம் அசரவில்லை.

"சாவுக்குத்தாங்க தலைவரே கேக்குறேன். போன மழைக்கு நம்ம முனியாண்டி மாமாவ மாட்டுப்பட்டி வளைவுல எறக்கி, சேத்துல தோள்ல தூக்கிட்டு வந்தோமே. பொட்டி சரிஞ்சு, பாதி பேரு விழுந்து... செத்த மனுசனுக்கு அது மரியாதைங்களா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகமனதாக நிறைவேறியது. அதே வளைவில் உயிரோடு இருந்த எத்தனையோ பேரை இறக்கித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதை யாரும் அவமானமாக நினைத்ததில்லை. வெளியே வந்ததும் செல்வம் என் காதோடு சொன்னான்: "பொணத்தச் சொன்னாத்தான் மாஸ்டர் நம்ம ஆளுங்களுக்கு எரக்கம் வருது."

பதுளையில் டயர்க்கடை முஸ்லிம் முதலாளி நானா எங்களுக்குப் பிளேன்டீ தந்து உட்காரவைத்தார். வேனில் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார்.

"பொணம்," என்றார் தலைவர்.

நானா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். வெறும் தார் ரோட்டு டயர் என்றால் ஈரக் களிமண்ணில் சோப்புப் போட்ட மாதிரிப் போகும். சேற்று டயர் என்றால் பண்டாரவளைத் தார் ரோட்டில் இரைந்து, சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரெய்ன். தரையைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டைகள் தடிப்பாக, பக்கச்சுவர் கல் குத்தினாலும் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். செய்த வருஷத்தையும் பார்க்க வேண்டுமாம்.

"சும்மா வெச்சிருந்தாலும் ரப்பர் காஞ்சி போகும் மாஸ்டர். ஓடினாத்தான் அது டயர்," என்றார் நானா.

நல்லதாக நான்கு எடுத்தோம். செல்வம் ஜாக்கியைக் கையில் எடுத்தான். தலைவர் தடுத்தார். புது டயரைக் கூரையில் கட்டு, பழையதிலேயே போவோம் என்றார்.

செல்வத்துக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"சாவுக்குன்னுதானப்பா நீ கேட்ட? தெனமும் ஓட்டித் தேச்சிட்டா, சாவு வரும்போது என்னத்த மாட்டுவ?"

சாவுக்கென்று கேட்டது அவன்தானே. தேர்ப்பாடை, வெள்ளைத்துணி, பெற்றோமாக்ஸ் வைத்திருக்கும் சங்க அறையில் நான்கு டயர்களும் சாக்குச் சுற்றி வைக்கப்பட்டன. சாவி தலைவரின் இடுப்பில். அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கலாம் என்றிருந்தோம்.

தலைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் பிரிக்காத கம்பளி ஒன்று இருக்கும். குளிரில் நடுங்குகிறாயே, எடுத்துப் போர்த்திக்கொள்ளேன் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேண்டும் என்பார்கள். நல்ல பொருள் என்றால் அது கெட்ட நாளுக்கு. மற்ற நாளெல்லாம் கிழிசல். என் வீட்டு அலுமாரியிலும் கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன... யாருக்காக என்று நானும் கேட்டதில்லை, மனைவியும் சொன்னதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் மல்லிகாவுக்கு வலி எடுத்தது. செல்வம் தலைவர் வீட்டுக்கு ஓடினான். தலைவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொனராகலை போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார்கள் சிலர். உடைத்து, நான்கையும் கழற்றி மாட்டும்வரை வலி காத்திருக்குமா? பழைய டயரோடேயே கிளம்பினான்.

மாட்டுப்பட்டி வளைவில் வேன் வழுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். சக்கரம் சேற்றை வாரி அவர்கள் முகத்தில் அடித்ததுதான் மிச்சம். மல்லிகாவைக் கம்பளியில் வைத்து மெயின் ரோடுவரை தூக்கிப்போனோம். பிரிக்காமல் வைத்திருந்த கம்பளிதான், யாரோ எடுத்துவந்தார்கள். பிறகு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மரக்கறி லொறி கிடைத்தது.

மல்லிகா பிழைத்தாள். பெண் குழந்தை... அழவே இல்லை.

மறுநாள் தலைவர் திரும்பி வந்தார். சங்க அறையைத் திறந்து, சாக்கைத் தானே அவிழ்த்து, ஒவ்வொரு டயராக வெளியே உருட்டிவிட்டார். சங்க விதிப்படி, பிறந்தவுடன் போன பிள்ளைக்கு வண்டி கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவராகவே சொன்னார்: "இதுக்கு விதி பாக்க வேணாம் மாஸ்டர்."

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர் விதியை மீறியது அன்றைக்குத்தான்.

கானில் கிடந்த வேனைக் கயிறு கட்டி மேலே இழுத்து, நான்கு டயரையும் மாட்டினோம். பதுளைக்கு வேறு யாராவது ஓட்டட்டும் என்று எவ்வளவோ சொன்னோம். செல்வம் கேட்கவில்லை. பதுளையிலிருந்து திரும்பும்போது முன் சீட்டில் நான். மடியில் ஒரு சின்னப் பெட்டி. மழை விடவில்லை. மாட்டுப்பட்டி வளைவில் கானோரம் முந்தின நாள் சக்கரம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. செல்வம் கியரைக் குறைத்தான். நான்கு டயரும் களிமண்ணைக் கவ்விக்கொண்டு ஏறின.

"பாத்தீங்களா மாஸ்டர்... அசையவே இல்ல."

நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்கு அந்த டயரின் பெயரைத்தான் சொன்னேன். நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும், நானே பார்த்திருக்கிறேன், வாங்கிய அன்றைக்கே மாட்டிவிடுங்கள் என்றேன்.

நண்பர் சிரித்துவிட்டார். "பின்ன, வாங்கின டயர யாராவது பூட்டியா வைப்பாங்க?"