கடைசிக்கு முந்தின இடம்

எங்கள் கிளப் ரேஸில் ஒரு குறிப்பிட்ட வெளிநாட்டுக் கம்பெனியின் பைக் வைத்திருந்தது இரண்டே பேர். கேளம்பாக்கத்திலிருந்து நான், செங்கல்பட்டில் செருப்புக்கடை நடத்தும் ஒரு பாய். வேகத்தில் எங்கள் பைக் மற்றவற்றுக்கு ஒரு படி கீழேதான். செலவு மட்டும் அதிகம். சின்ன ஸ்பேர் வேண்டுமென்றாலும் கப்பலில் வரவேண்டும்.

போன மாதம் ரேஸுக்கு முன்னால் பயிற்சி ஓட்டத்தில் வழுக்கி விழுந்தேன். எனக்கு அடி இல்லை, கிளட்ச் லீவர் உடைந்துவிட்டது. மற்றவர்கள் ஓடிவந்து தங்களிடம் இருந்த லீவர்களைக் கொடுத்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. வீட்டுக்குக் கிளம்பத் தயாரானேன்.

பாய் தன் பெட்டியிலிருந்து புது லீவரை எடுத்துவந்து, அவரே மாட்ட ஆரம்பித்தார்.

"இன்னா பாய், நீங்க வுழுந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"அத்த அப்பால பாத்துக்கலாம். நீ வூட்டுக்குப் போய்ட்டா நான் யார் கூட ரேஸ் வுடறது?"

ரேஸில் முன்னால் போனவர்கள் இரண்டாவது சுற்றிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசிக்கு முந்தின இடத்துக்காக நானும் பாயும் மாறிமாறி முந்திக்கொண்டிருந்தோம். கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து, மயிரிழையில் நான் முந்தினேன்.

பாய் பைக்கை நிறுத்திவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். கோபமோ என்று பயந்தேன். அவரோ என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னா ரேஸ் மச்சான்!" என்று கத்தினார். கோப்பை வாங்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.