அண்ணனுக்காக நான் நடந்த நடை

எங்கள் ஆறு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கியவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்போம். இருபத்தாறு வருடம் ஒரே ஸ்டூல். "தினமும் நூறு மாடி ஏறுறவன்டா நான், எனக்கு எதுக்கு உடற்பயிற்சி?" என்பார். தேய்ந்தது ஸ்டூல்தான், ஆளுக்குத் தொந்தி வளர்ந்தது. நான் அங்கே பியூன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஃபைல்களோடு படியேறுகிற ரகம்.

சர்க்கரை ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "சுவர் இருந்தாத்தானே சித்திரம்?" என்று அண்ணி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் பொறுமையான பெண்மணி.

"நடந்தீங்கன்னா கால் தசை ரத்தத்துல இருக்கற சர்க்கரையை எடுத்துக்கும். இதயம் பழகிட்டா ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலா ரத்தம் தள்ளும், படபடன்னு அடிச்சுக்காது. மூச்சு வாங்கறது குறையும், வயிறு சரியாகும், தூக்கம் வரும். மெதுவா ஆரம்பிங்க, ஆனா தினமும் நடங்க."

அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றையும் கட்டச் சொன்னார். மாதாமாதம் அதைப் பார்ப்பாராம்.

அண்ணன் மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார்.

"நீ எப்படியும் ஏறி இறங்கறவன். எனக்கும் சேர்த்து நடடா. உங்க அண்ணி தொல்லை தாங்கல."

மறுத்திருக்கலாம். பாவி, சிரித்தேன். காலையில் கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொள்வேன். மாலையில் பத்தாயிரம் அடிகளோடு திருப்பிக் கொடுப்பேன். ஏழாயிரத்தில் நின்றால் எனக்கே ரோஷம் வந்துவிடும், கட்டடத்தைச் சுற்றி நடந்து நிரப்புவேன். ஆறு மாதத்தில் என் பேன்ட் தளர்ந்தது. ஆறாம் மாடியில் போய் நின்றாலும் மூச்சு இரைக்கவில்லை.

"இவ்வளவு நடந்துமா குறையல?" என்று டாக்டர் குழம்பி, மாத்திரையைக் கூட்டினார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒருநாள் லிஃப்ட் பழுதானது. மெக்கானிக்கைப் பார்க்க அண்ணன் படியேறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடிகாரம் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. அண்ணன் நடக்கிறார் என்று நம்பி, போட்டிக்கு அவரும் காலையில் நடந்துகொண்டிருந்தவர். இப்போது அண்ணியின் ஷூ கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

"நடக்கறதில்லையா அண்ணி?"

"எதுக்கு தம்பி? தினம் பத்தாயிரம் அடி நடந்த மனுஷனையே இதயம் கைவிட்டுடுச்சு. நடந்தா நல்லதுங்கறதெல்லாம் சும்மா பேச்சு."

உண்மையை என்னோடே புதைத்துவிடலாம் என்றிருந்தேன். அந்த ஷூ விடவில்லை. கடிகாரத்தை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவர் நடக்கவே இல்லையா?"

"முதல் மூணு நாள் நடந்தார் அண்ணி."

குனிந்து ஷூவை வெளியே இழுத்தார். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தபடியே சொன்னார்:

"அந்த மூணு நாளும் நல்லா தூங்கினார் தம்பி. நான் மாத்திரையாலன்னு நெனச்சேன்."