கருப்பு மேலே, வெள்ளை கீழே

ஊழியர் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கிடங்கில் எல்லோருக்கும் அவர் பெட்டியக்கா. துளையிடும் இயந்திரம் பூமிக்குள்ளிருந்து உருவியெடுக்கும் பாறைத் தண்டுகளை, ஆழ வரிசை குலையாமல் நீண்ட தகரப் பெட்டிகளில் அடுக்குவது அவர் வேலை. ஒன்பது வருடமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேலாளரின் மேசைக்கு வந்த வாரத்தில்தான் புவியியலாளர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“அக்கா, ஏழாம் துளை மொத்தமும் தலைகீழா இருக்கு. சிப்பி பதிஞ்ச இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குப் பத்து கோடி வயசு. கருங்கல்லுக்கு இருநூறு கோடி. பழசு அடியில கிடக்கும், புதுசு அதுமேல படியும். இங்க பழசு மேல உக்காந்திருக்கு.”

“உக்காந்திருந்தா நான் என்ன சார் பண்றது? எழுந்திருன்னு சொல்லவா?”

மேலாளர் சிரிக்கவில்லை. பெட்டிகள் மாறியிருந்தால் ஆறு மாத உழைப்பு வீண். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு காட்டுங்கம்மா. இல்லன்னா உங்க கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்” என்றார்.

வீட்டில் தையற்காரக் கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்: “கிழிஞ்ச துணின்னா எது எதோட சேரும்னு ஓரமே சொல்லிடும். கல்லு சொல்லாதா?”

“சொல்லும். நான் தினமும் அதைத்தான பாக்குறேன். அவங்க பாக்கணுமே!”

மறுநாள் அறுபது பெட்டிகளையும் தரையில் இறக்கினார். முதல் பெட்டியில் புல்வேர் ஓடிய மண். அது அடியாழத்துச் சரக்கு என்று யாரும் வாதாட முடியாது. அங்கிருந்தே தொடங்கினார். மண்ணுக்குக் கீழே இற்றுப்போன பழுப்புக் கல், அதற்குக் கீழே கருங்கல். ஒவ்வொரு துண்டின் உடைந்த முனையையும் அடுத்ததன் முனையோடு பொருத்தினார். பல்லோடு பல்லாகச் சேர்ந்தன. மூன்று நாள் குனிந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. முப்பத்தெட்டாம் பெட்டியில், முழ நீளத்துக்கு உடையாத ஒரே துண்டு: மேல்பாதி கருப்பு, நடுவே நொறுங்கி இறுகிய சாம்பல் பட்டை, கீழ்ப்பாதி சிப்பியோடு வெள்ளை.

“இதை நான் பசை போட்டு ஒட்டினேன்னு சொல்வீங்களா சார்?”

புவியியலாளர் மண்டியிட்டு, அந்தப் பட்டையை உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“தப்பு என்மேலதான்கா. பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டா நகருது. ரெண்டு தட்டு முட்டித் தள்ளினதுல, பழைய பாறை உடைஞ்சு, வழுக்கி, புதுசு மேல ஏறியிருக்கு. அது அரைச்ச மாவுதான் இந்தப் பட்டை.”

“பஸ்சுல முண்டியடிச்சு ஏறுற மாதிரியா?”

“அதேதான். ஆனா நகம் வளர்ற வேகத்துல.”

மேலாளர் அன்றைக்கே கையெழுத்திட்டார். புவியியலாளர் அந்தத் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். பெட்டியக்கா வாசலில் மறித்தார்.

“எடுத்த இடத்துல அதே நீளத்துக்கு மரக்கட்டை வைக்கணும். பதிவேட்டுல ஆழம், தேதி, கையெழுத்து எல்லாம் வேணும். நிரந்தர ஊழியர் சொல்றேன் சார்.”